தண்ணீர் கொட்டும் கண்ணில் எப்படி வறட்சி?

[திரையில்: கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்ளும் ஒருவர்]

கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். காற்றுப் பட்டால் போதும், தண்ணீர் கொட்டுகிறது. டாக்டரிடம் போனால் ‘கண் வறட்சி’ என்கிறார். தண்ணீர் கொட்டும் கண்ணுக்கு வறட்சியா?

ஆமாம். கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் இல்லை. அடியில் சளி போன்ற பூச்சு, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கருவிழி காய்ந்து எரியும். அந்த எரிச்சலில் சுரக்கும் தண்ணீர் கன்னத்தில் வழியுமே தவிர, கண்ணில் நிற்காது.

[திரையில்: கீழ் இமை விளிம்பு, மிக அருகில்]

இமைமுடிக்குச் சற்று உள்ளே, ஊசிமுனை அளவில் வரிசையாகத் துளைகள் தெரிகிறதா? எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள் இவை. ஆரோக்கியமான இமையை டாக்டர் லேசாக அழுத்தினால் தெளிந்த எண்ணெய் கசியும். அடைத்துப்போன இமையில் பற்பசை மாதிரி கெட்டியாக வரும். சிலருக்கு வரவே வராது. கண் வறட்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறு இருக்கும்.

அதனால்தான் வெந்நீர் ஒத்தடம். பலர் துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு, “பலனே இல்லை” என்பார்கள். கெட்டிப்பட்ட எண்ணெய் இளக வேண்டுமென்றால் சூடு நின்று பிடிக்க வேண்டும். துணியோ இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மாற்றி மாற்றி 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். சூடு சுமார் 40 டிகிரி செல்சியஸ் போதும்; மணிக்கட்டில் வைத்தால் இதமாக இருக்க வேண்டும். அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கி, கீழ் இமையை மேல்நோக்கி மெல்ல நீவிவிட்டு, விளிம்பை ஈரப் பஞ்சால் துடையுங்கள். தினமும், வாரக்கணக்கில்.

கூடவே செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. நாளைக்கு 4 முறைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமலிருக்க ரசாயனம் சேர்க்காத வகையைக் கேளுங்கள். பென்சல்கோனியம் குளோரைடு போன்ற அந்த ரசாயனங்கள் அடிக்கடி பட்டால் கருவிழியையே புண்ணாக்கும். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து வேறு சங்கதி. அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கலாம்.

ஒமேகா-3 மாத்திரையா? 2018இல் வெளிவந்த ‘ட்ரீம்’ ஆய்வில் அது, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரையாகக் கொடுத்த ஆலிவ் எண்ணெயை மிஞ்சவில்லை. நானாக இருந்தால் அந்தக் காசை நல்ல சொட்டு மருந்துக்குச் செலவழிப்பேன்.

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. இமைத்தாலும் பாதிதான் மூடுகிறோம். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வையுங்கள். அவ்வப்போது முழுசாக மூடித் திறங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால், அழற்சியைக் குறைக்க டாக்டர் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதித் தரலாம். போட்டதும் எரியும், பலன் தெரியச் சில மாதம் ஆகலாம். இரண்டாம் வாரமே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கண்ணீர் கண்ணிலிருந்து மூக்குக்குள் வடியும் துளையைச் சின்ன அடைப்பான் வைத்து மூடி, கண்ணீரைக் கண்ணிலேயே நிறுத்துவதும் உண்டு.

கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் அதையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். கடுமையான வலி, வெளிச்சம் பார்க்கவே முடியாத கூச்சம், திடீரென மங்கும் பார்வை என்றால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.