முப்பது பேர் ஒரு சமூகமா?

நண்பர்களே, ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். நாடு முழுவதும் ஆயிரம் பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்துகிறோம். பிழை வரம்பு, அதாவது கிடைத்த விடையிலிருந்து உண்மை நிலை இருபுறமும் விலகியிருக்கக்கூடிய அளவு, ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள். பத்திரிகைச் செய்திக்கு அது போதும். மக்கள்தொகையில் 3 சதவீதமாக உள்ள ஒரு சிறுபான்மைச் சமூகத்தார் அந்த ஆயிரத்தில் எத்தனை பேர்? முப்பது. அவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் பிழை வரம்பு 18 புள்ளிகளுக்குத் தாவிவிடுகிறது. 'பாதிப் பேர் ஆதரவு' என்று எழுதினால் உண்மை 32ஆகவும் இருக்கலாம், 68ஆகவும் இருக்கலாம். அப்படியிருந்தும் 'இந்தச் சமூகம் இப்படித்தான் நினைக்கிறது' என்று தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அந்த முப்பது பேரும் கிடைக்காவிட்டால், கிடைத்த சிலரின் பதிலுக்கு எடை கூட்டுவது, அதாவது ஒருவரின் பதிலைப் பலரின் பதிலாகக் கணக்கிடுவது, வழக்கம். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸும் நடத்திய கணிப்பில், 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் இருந்தார். அவரைப் போன்றவர்கள் மாதிரியில் குறைவு என்பதால், சராசரியைப் போல 30 மடங்கு வரை எடை அவருக்கு. அவரோ டிரம்ப் ஆதரவாளர்! சுமார் 3,000 பேர் கொண்ட கணிப்பு, அந்த ஒருவர் பதில் தந்த வாரம் ஒரு பக்கமும் தராத வாரம் மறுபக்கமும் சாய்ந்தது. அவர் தன் மனத்தில் பட்டதைச் சொன்னார். ஒரு கூட்டத்தையே அவர் தலையில் ஏற்றிவைத்தது நம் தொழில்.

இப்படி எடை கூட்டாமல், போதிய எண்ணிக்கையில் அந்தச் சமூகத்தாரையே தேடிப் போகலாம். அதற்குச் செலவாகும். அமெரிக்காவில் கருத்துக்கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையம் 2007இல் 1,050 அமெரிக்க முஸ்லிம்களிடம் பேசியது. அவர்களைக் கண்டடைய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்து வடிகட்ட வேண்டியிருந்தது. ஆங்கிலம் தவிர அரபி, பாரசீகம், உருது மொழிகளிலும் கேட்டார்கள்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகும், கேட்பவர் யார் என்பது மிச்சமிருக்கிறது. 1942இல் மெம்பிஸ் நகரக் கறுப்பின மக்களிடம் ஒரே கேள்விகளை வெள்ளையர்களும் கறுப்பினத்தவர்களும் தனித்தனியே கேட்டார்கள். போரில் வெல்வது முக்கியமா, உள்நாட்டில் ஜனநாயகத்தைச் சீராக்குவது முக்கியமா என்றபோது, வெள்ளையர்கள் கேட்டபோது 'போர்' என்ற பதிலே அதிகம் வந்தது. தன் இனத்தவர் கேட்டபோது அது வெகுவாகக் குறைந்தது.

அதனால்தான், நிரப்பிய கேள்வித்தாள்கள் என் கைக்கு வந்தால் நான் முதலில் எண்ணுவது 'தெரியாது' என்ற பதில்களை. அவை ஒரே களப்பணியாளரின் தாள்களில் குவிந்திருந்தால், அவரிடம் மக்கள் மனம் திறக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு, வேறொருவரை அந்த வீடுகளுக்கு மறுபடி அனுப்பச் சொல்வேன்.