அந்த குமார் நான் இல்லை! பேக்கிரவுண்ட் செக்கில் மாட்டிய கதை

வணக்கம் மக்களே. வீட்டில் ஒரே சத்தம், அதனால் காரில் உட்கார்ந்து பேசுகிறேன். ஏசி இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் வெயிலில் இதை அணைத்தால் வீடியோ முடிவதற்குள் நான் முடிந்துவிடுவேன்.

போன வீடியோவில் லேஆஃப் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். வேலை போன 22ஆம் நாள் ஒரு ஆஃபர் வந்தது என்று சொன்னேன் இல்லையா, அந்த ஆஃபர் என்ன ஆச்சு என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். 25ஆம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'ப்ரீ அட்வர்ஸ் ஆக்‌ஷன் நோட்டீஸ்' என்று தலைப்பு, அதாவது வேலையை மறுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லும் நோட்டீஸ். இன்சூரன்ஸ் விளம்பரம் போல இருந்தது, அழிக்கப் போனேன். ஏதோ தோன்றித் திறந்தால், உள்ளே என் பேக்கிரவுண்ட் செக் ரிப்போர்ட், அதாவது வேலைக்குச் சேர்க்கும் முன் நம் பின்னணியைச் சரிபார்க்கும் ரிப்போர்ட். அதில் என் பேரில் ஒரு திருட்டு வழக்கு. ஹூஸ்டன் பக்கம் ஒரு கடையில் திருடித் தண்டனை வாங்கியிருக்கிறேனாம். நான் அந்தப் பக்கம் போனதே ஒரே தடவை, அதுவும் பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு.

வழக்கு பொய் இல்லை. ஆள்தான் வேறு. எஸ் என்ற முதல் எழுத்து, குமார் என்ற கடைசிப் பெயர், பிறந்த வருஷம், இவ்வளவுதான் பொருத்தம். பிறந்த மாதமும் தேதியும் பொருந்தவில்லை. அது அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது, யாரும் படித்துப் பார்க்கவில்லை.

இதில் நம் ஊர்ப் பெயர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அப்பா எனக்கு வைத்தது செந்தில்குமார் என்ற ஒரே பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று ஏஜெண்ட் நடுவில் வெட்டி, செந்திலை ஒரு பக்கமும் குமாரை ஒரு பக்கமும் போட்டுவிட்டார். கட்டத்தைக் காலியாக விட்ட என் நண்பன் இங்கே எஃப்என்யு என்று சுற்றுகிறான். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். இப்போது அவன் என்னைச் செய்கிறான்.

நம்மவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. ரிப்போர்ட் கம்பெனிகள் கோர்ட் பதிவுகளை மொத்தமாக வாங்கி, பெயரை வைத்துக் கோர்க்கின்றன. பொதுவான பெயர் இருக்கிறவர் யாராக இருந்தாலும் மாட்டலாம். 2015இல் சிஎஃப்பிபி என்ற மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு இப்படி இரண்டு கம்பெனிகளைப் பிடித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 1.05 கோடி டாலர் கொடுக்க வைத்தது, அபராதம் 25 லட்சம் டாலர் தனி.

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். நோட்டீஸைப் பார்த்ததும் எச்ஆருக்குப் போன் செய்து கெஞ்சினேன். அந்தம்மா 'ரிப்போர்ட் கம்பெனியிடம் பேசுங்கள்' என்றார். அங்கே போன் செய்தேன், ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுத்தார், ஒரு வாரம் போச்சு. போனில் முறையிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் என்ன சொன்னேன், எப்போது சொன்னேன் என்பதற்கு என் கையில் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு வக்கீலிடம் பேசினேன். அவர் முதலில் கேட்டது பணம் இல்லை, அந்த மின்னஞ்சல். 1970இல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட் என்ற சட்டம், பெயரில் கிரெடிட் இருந்தாலும் வேலைக்கான பேக்கிரவுண்ட் செக்குக்கும் அதுதான். வேலையை மறுக்கும் முன்னால் ரிப்போர்ட் நகலையும் உரிமைகள் பற்றிய தாளையும் கொடுத்தாக வேண்டும். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எண் இல்லை, வழக்கத்தில் 5 வேலைநாள் விடுகிறார்கள். தப்பு என்று நாம் எழுதினால் ரிப்போர்ட் கம்பெனி 30 நாளில் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும், சில சமயம் இன்னும் 15 நாள் எடுத்துக்கொள்ளலாம்.

30 நாள் என்று கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. எச்-1பி வேலை விசாவில் வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் டைம், அதில் பாதியை இதுவே தின்றுவிடும். 'சிட்டிசன் இல்லாத நான் கேஸ் போட்டால் விசாவுக்கு ஆபத்தா?' என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். சட்டம் 'தனிநபர்' என்றுதான் சொல்கிறதாம், சிட்டிசன் என்று எங்கேயும் கேட்கவில்லையாம். 'எதுக்குப்பா வம்பு' என்று ஊரிலிருந்து அம்மா சொன்னதைவிட அந்தச் சிரிப்பு எனக்கு உதவியது.

33ஆம் நாள் ரிப்போர்ட் கம்பெனிக்குக் கடிதம் போனது, சர்டிஃபைட் மெயிலில். ரிப்போர்ட்டில் தப்பான வரியைக் கோடிட்டு, பாஸ்போர்ட் நகல், லைசென்ஸ் நகல் வைத்து, ஒரே பக்கம். திருத்தியதை எனக்கு ஆஃபர் கொடுத்த கம்பெனிக்கும் அனுப்புங்கள் என்று கடைசியில் ஒரு வரி. இதை நாம் கேட்டால்தான் அனுப்புவார்கள்.

36ஆம் நாள் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. திருத்திய ரிப்போர்ட் 50ஆம் நாள் வந்தது.

வக்கீல் ஃபீஸ் பற்றி. என்னிடம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. ஜெயித்தால் எதிர்த்தரப்பே நம் வக்கீல் ஃபீஸைக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதை நம்பித்தான் எடுக்கிறார்கள். வேண்டுமென்றே மீறியதாக நிரூபித்தால், நஷ்டக் கணக்கு காட்டாவிட்டாலும் 100 முதல் 1,000 டாலர் வரை, மேலே தண்டனைத் தொகையும் வரலாம். அலட்சியம் மட்டும் என்றால் உண்மையான நஷ்டத்தைக் காட்ட வேண்டும். தெரியவந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கேஸ் போட வேண்டும். நாகா (NACA) என்ற நுகர்வோர் வக்கீல்கள் சங்கத்தின் தளத்தில் ஊர் வாரியாகத் தேடலாம். மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் இலவசச் சட்ட உதவி மையங்களில் வருமான வரம்பு உண்டு. கிரீன் கார்டு இருந்தால் கேட்டுப் பாருங்கள், எச்-1பிகாரர்களை அவர்கள் பெரும்பாலும் எடுக்க முடியாது. 'ரெக்கார்டை கிளியர் செய்து தருகிறோம், முதலில் 500 டாலர்' என்று யாராவது வந்தால் போனை வையுங்கள்.

மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 2021இல் டிரான்ஸ்யூனியன் என்ற கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனி மீதான வழக்கில், தீவிரவாதிகள் பட்டியலில் இருக்கலாம் என்று 8,185 பேரின் கோப்பில் தப்பாகக் குறித்திருந்தார்கள். அதில் யாருடைய ரிப்போர்ட் வெளியாட்களுக்குப் போனதோ அந்த 1,853 பேருக்குத்தான் அந்தத் தப்புக்காக நஷ்டஈடு கேட்க இடமுண்டு என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. கோப்புக்குள்ளேயே தப்பு கிடந்தவர்களுக்கு இல்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, ஆனால் நிலைமை அதுதான். தப்பான ரிப்போர்ட் யார் கைக்குப் போனது, அதனால் என்ன போனது, இரண்டுக்கும் தாள் வேண்டும்.

என் விஷயம் செட்டில்மென்டில் முடிந்தது. எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

48ஆம் நாள் இரண்டாவது ஆஃபர் வந்தது. அங்கே வேறொரு ரிப்போர்ட் கம்பெனி. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகப் பதிவை வாங்கி வைத்திருக்கிறது, ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாக மாறாது. எனக்கு அது தெரிந்திருந்ததால் இந்தத் தடவை நானே முதலில் எச்ஆரிடம், 'ஹூஸ்டன் திருட்டு ஒன்று வரும், அந்த குமார் நான் இல்லை' என்று சொல்லிவிட்டேன். வந்தது. திருத்தல் கடிதத்தை அனுப்பினேன். 58ஆம் நாள் அந்தப் புதிய கம்பெனி எனக்கான எச்-1பி மனுவைத் தாக்கல் செய்தது. கடிதத்தின் நகல் இதோ, இந்தக் காரின் டேஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கிறது, லைசென்ஸுக்குப் பக்கத்தில்.