ஏலக் கூடத்தில் ஒரு ஞாயிறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் சேர்ந்து ஒரே கடவுள் என்பது கிறிஸ்தவத்தின் திரித்துவக் கொள்கை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதுபற்றி நடந்த சர்ச்சையில் மனசாட்சியைக் காத்தவர் யார்? இங்கிலாந்துத் திருச்சபைக்குள்ளேயே இருந்தவரா, வெளியேறியவரா? வெளியேறியவரே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் சாமுவேல் கிளார்க்கைக் கொண்டாடினார். பெரிய படிப்பாளிதான். 1,251 வேத வசனங்களைத் திரட்டி வைத்து, பிதா ஒருவரே எல்லாருக்கும் மேலான கடவுள் என்று 1712இல் எழுதினார். 1714இல் குருமார் மன்றம் புகார் எழுப்பியதும், இனி இதுபற்றிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, 1729இல் சாகும்வரை லண்டனில் குருவானவராகவே இருந்தார்.

அப்புறம் தோழர் ஒன்று கேட்டார்: "தியோபிலஸ் லிண்ட்சே என்ன வீரர்? கட்டிய மனைவியை நடுத்தெருவில் நிறுத்தியவர்தானே!" நீங்களும் கை தட்டினீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

லிண்ட்சே யார்க்‌ஷயரில் கேட்டரிக் ஊரின் குருவானவர். திருச்சபையின் 39 கோட்பாட்டு விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பதவி. முதல் விதியே திரித்துவம். கையெழுத்துக் கட்டாயம் வேண்டாம் என்று சுமார் 250 பேர் மனுப் போட்டார்கள். 1772இல் நாடாளுமன்றம் 217க்கு 71 என்று தள்ளிவிட்டது. மனுப் போட்டவர்களில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். லிண்ட்சே 1773 நவம்பரில் பதவியை விட்டார். வயது ஐம்பது.

லண்டனில் அவருக்கு ஆலயமா காத்திருந்தது? எஸ்ஸெக்ஸ் தெருவில் ஓர் ஏலக் கூடம் கிடைத்தது. ஆமாம் ஐயா, ஏலக் கூடம்! ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று பொருளை விற்றுத் தள்ளிய கூடம். 1774 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, அங்கே நின்று பிதா ஒருவரையே கடவுளாக ஆராதித்தார். வந்தவர் சுமார் இருநூறு பேர். அதில் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார், விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி இருந்தார். திரித்துவத்தை மறுத்துப் பேசுவது அன்று சட்டப்படி குற்றம். 1698ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டாம் முறை பிடிபட்டால் மூன்று வருடச் சிறை. அது தெரிந்துதான் அத்தனை பேரும் வந்தார்கள்.

இப்போது அந்த மனைவிக்கு வருகிறேன். பெயர் ஹன்னா. கேட்டரிக்கில் ஏழைகளுக்கு மருந்து கொடுத்தவர், பிள்ளைகளுக்கு அம்மை குத்த வைத்தவர். அவருடைய தாயின் இரண்டாம் கணவரான குருவானவர் பிளாக்பர்ன்தான் அந்த மனுவுக்கே மூளை. அவரே திருச்சபையை விட்டு வரவில்லை. மருமகன் வெளியேறியதையும் அவர் ஏற்கவில்லை. வளர்த்தவர் அந்தப் பக்கம் நிற்க, ஹன்னா கணவரோடு கிளம்பினார். வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை விற்றுத்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது. தோழரே, ஹன்னாவை யாரும் தெருவில் நிறுத்தவில்லை. அவர் தானே நடந்து வந்தார்.

நடுவர் அவர்களே, திரித்துவத்தை மறுப்பது குற்றமில்லை என்று சட்டம் மாறியது 1813இல். ஏலக் கூடத்து ஞாயிற்றிலிருந்து 39 வருடம். லிண்ட்சே 1808இல் போய்விட்டார். ஹன்னா 1812இல் கண்ணை மூடினார். இன்னும் ஒரே ஒரு வருடம், ஐயா. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?