930 டர்போவுக்குப் புது ஹெடர்: பன்னெண்டு ஸ்டட்டும் ஒரு மெழுகுவத்தியும்

வணக்கம் மக்களே. கேக்குதுங்களா? பின்னாடி கம்ப்ரசர் சத்தம் அப்பப்ப வரும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு வாடகை ஒர்க்‌ஷாப்ல நிக்கறேன். ஜெர்மனியில எனக்குப் பிடிச்ச ஏற்பாடு இது. ரேம்ப், கேஸ் டார்ச், வெல்டிங் மெஷின் எல்லாத்தையும் மணிக்கணக்குல வாடகைக்குக் குடுப்பாங்க. வாடகை ஓடிட்டே இருக்கும், அது ஒன்னுதான் வயித்தெரிச்சல். வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி ஆயில் மாத்தற கதையெல்லாம் இங்க நடக்காது. ஞாயித்துக்கிழமை ட்ரில்லிங் மெஷின் போட்டா பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து நின்னுரும். அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமே வண்டிய ரேம்ப்ல ஏத்தி, நட்டு மேல எல்லாம் துரு ஆயில அடிச்சு விட்டுட்டுப் போனேன். இன்னிக்கு சனிக்கிழமை காலையில ஹெடர், அதாவது சிலிண்டர்ல இருந்து புகைய வாங்கி வெளிய அனுப்பற குழாய்த்தொகுப்ப மாத்த ஆரம்பிக்கறோம்.

வண்டி போர்ஷே 930. 911 டர்போன்னு சொல்றது இதத்தான். 1974ல பாரிஸ் மோட்டார் ஷோவுல காட்டி, 1975ல இருந்து வித்தாங்க. முதல்ல 3.0 லிட்டர் எஞ்சின், 260 குதிரை. 1978 மாடல்ல 3.3 லிட்டர் ஆக்கி, இன்டர்கூலரும் வச்சு 300 குதிரை. நம்ம கைல இருக்கறது 1985 மாடல். என்னோடது இல்லீங்க, அந்த ஆசையெல்லாம் வேண்டாம். என்கூட வேலை பாக்குற ஒரு பெரியவரோடது, இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆகப் போறாரு. அதோ அந்த ஸ்டூல்ல காபி ஃபிளாஸ்க்கோட உக்காந்திருக்காரு. கேமராவுக்கு வரமாட்டேன்னுட்டாரு. ஒவ்வொரு நட்டு கழட்டும்போதும் அவர் மூச்ச இழுத்துப் பிடிக்கற சத்தம் மட்டும் மைக்ல விழும்.

இந்த வண்டிக்கு எதுக்கு ஹெடர் மாத்தணும்? சத்தத்துக்கா? கிடையாது. டர்போ வண்டியில சத்தத்துக்காக ஹெடர் மாத்தறவன் பணத்த வீணாக்கறான். டர்போங்கறது புகையால சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளற சக்கரம். அது நடுவுல உக்காந்து பாதி சத்தத்த முழுங்கிரும். இங்க கதையே வேற. இது காத்துல குளிர்ற எஞ்சின், தண்ணி ரேடியேட்டர் கிடையாது. அப்ப உள்ள ஹீட்டருக்குச் சூடு எங்க இருந்து வரும்? எக்ஸாஸ்ட் குழாய்ல இருந்துதான். குழாயச் சுத்தி ஒரு தகரச் சட்டை போட்டு, ஃபேன் காத்த அதுக்குள்ள விட்டு, அந்தச் சூட்ட வண்டிக்குள்ள அனுப்புவாங்க. இதுக்குப் பேரு ஹீட் எக்ஸ்சேஞ்சர். இங்க பனிக்காலத்துல ரோட்டுல உப்பு போடுவாங்க. நாப்பது வருசமா உப்பு தின்னு தின்னு, இதோ பாருங்க, வலது பக்கச் சட்டை எப்படி ஆயிருக்கு. விரல் வச்சு அழுத்தினா அப்பளம் மாதிரி நொறுங்குது. வெளிச்சட்டை போனா ஹீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். உள்குழாய்ல விரிசல் விட்டுச்சுன்னா புகை நேரா வண்டிக்குள்ள வரும். கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. பெரியவர் போன மாசம் வண்டி ஓட்டினா தலவலிக்குதுன்னாரு. வயசாயிருச்சுன்னு நெனச்சிருக்காரு மனுசன்.

சரி, எப்படியும் மாத்தணும். மாத்தறப்ப நல்லதா மாத்துவோம்னு முடிவு பண்ணோம். ரெண்டு வழி இருந்துச்சு. ரேஸ் ஹெடர்னு ஒன்னு விக்கறாங்க. வெறும் குழாய், சட்டை கிடையாது, எடை கம்மி, பாக்க அம்சமா இருக்கும். ஆனா ஹீட்டர் போச்சு. குளிருதுன்னா ஸ்வெட்டர் போட்டுக்கலாம். கண்ணாடியில ஆவி படிஞ்சா யாரு துடைக்கறது? முன் கண்ணாடிக்கு வர்ற சூடான காத்தும் இதே காத்துதான். மழைநாள்ல ஒரு கையில துணிய வச்சுக்கிட்டு 300 குதிரை வண்டி ஓட்ட முடியுமா? அதனால சட்டையோட வர்ற ஸ்டெயின்லெஸ் ஹெடர்தான் வாங்கினோம். விலை கேக்காதீங்க, பெரியவரோட வீட்டம்மாவும் இந்த வீடியோ பாப்பாங்க.

இப்ப இதக் கொஞ்சம் கிட்டப் பாருங்க. ஒரு பக்கத்துக்கு மூணு சிலிண்டர், மூணு குழாய். பழசுல மூணு குழாயும் மூணு நீளம். புதுசுல மூணும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒழுங்கா ஒரு இடத்துல வந்து சேருது. அதனால என்ன? 911 எஞ்சின்ல ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க வெடிக்கற வரிசை, 1-6-2-4-3-5. 1, 2, 3 இடது பக்கம், 4, 5, 6 வலது பக்கம். எண்ணிப் பாருங்க: இடது, வலது, இடது, வலதுன்னு மாறி மாறி வெடிக்கும். ஒரு பக்கத்த மட்டும் எடுத்துக்கிட்டா க்ராங்க் ஷாஃப்ட் 240 டிகிரி சுத்தறதுக்கு ஒரு தடவை, கடிகாரம் மாதிரி ஒரு புகைத்துடிப்பு வரும். குழாய் நீளம் கோணல்மாணலா இருந்தா அந்தத் தாளம் கெட்டுரும். ஒன்னு சீக்கிரம் போகும், ஒன்னு தாமசமாப் போய் அடுத்ததோட முட்டும். ஒரே நீளமா இருந்தா வரிசையில நின்னு டர்போவ ஒன்னொன்னாத் தள்ளும். இதுல டர்போ இருக்கறது இடது பக்கம் பின்னாடி. வலது பக்கப் புகை எஞ்சின சுத்திக்கிட்டு அந்தக் கோடிக்குப் போகணும். அந்தக் குறுக்குக் குழாய் இருக்கற வரைக்கும் முழுச் சமத்துவம் வராது, அதையும் சொல்லிடறேன்.

குழாய் பெருசா இருந்தா நல்லதுதானேன்னு ஒரு நெனப்பு இருக்கும் பாருங்க. டர்போவுக்கு அது தப்பு. பெரிய குழாய்ல புகை சாவகாசமாப் போகும், போற வழியில சூடும் ஆறிப்போகும். டர்போ சக்கரத்தச் சுத்தறதே அந்தச் சூடும் வேகமும்தான். தோட்டத்துக்குத் தண்ணி விடறப்ப ஓஸ் வாயில கட்டை விரல வைப்போமே, அது மாதிரி.

எவ்வளவு பவர் ஏறும்னு கேப்பீங்க. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளற காத்தோட அழுத்தம், 0.8 பார்தான். மிச்சப் புகைய ஒதுக்கி விடற வேஸ்ட்கேட் வால்வு அதுக்கு மேல விடாது, அத நாங்க தொடவே இல்ல. மாறப் போறது பூஸ்ட் எப்ப வருதுங்கறதுதான்.

வேலைக்கு வருவோம். ரேம்ப்ல வண்டி மேல, நான் கீழ. முதல்ல பேட்டரி நெகட்டிவ் கழட்டியாச்சு. சைலன்சர் இறக்கியாச்சு. அப்புறம் டர்போ. டர்போவுக்குக் கீழ ஒரு குட்டி ஆயில் டப்பா இருக்கும், அத மறந்துட்டுக் கழட்டினீங்கன்னா மூஞ்சியில அபிஷேகம். எனக்கு நடந்துச்சு, அத எடிட்ல வெட்டிட்டேன்.

அடுத்துதான் உண்மையான வேலை. ஆறு சிலிண்டர், ஒன்னுக்கு ரெண்டு ஸ்டட், மொத்தம் பன்னெண்டு. ஸ்டட்னா தலையில்லாத, புரி போட்ட போல்ட். எல்லாமே 8 மில்லிமீட்டர் இரும்பு ஸ்டட், அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள்ள முறுக்கினது. சிலதுக்கு ஸ்பேனர் போகும். சிலதுல உருளை நட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல இருக்கற ஓட்டை வழியா நீளமான 8 மில்லிமீட்டர் ஆலன் கீய விட்டுத்தான் திருப்பணும். உள்ள துரு அடைச்சிருந்தா கீ முழுசா உக்காராது. உக்காராமத் திருப்பினா நட்டு வழவழன்னு ஆயிரும். அதனால ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர வச்சு உள்ள நோண்டி, காத்து அடிச்சு, கீ அடி வரைக்கும் போய் ‘டொக்’னு உக்காந்தப்புறம்தான் கைய வச்சேன்.

இங்க ஒன்னு சொல்லணும், இது கைக்குத்தான் தெரியும். திருப்பறப்ப ‘டக்’னு ஒரு சத்தத்தோட விட்டுச்சுன்னா சந்தோஷம், நட்டு கழண்டுருச்சு. சத்தமே இல்லாம, மாவு பிசையற மாதிரி மெத்துனு திரும்புச்சுன்னா நிறுத்திருங்க. நட்டு திரும்பல, ஸ்டட் முறுக்கிக்குது. இன்னும் கால் சுத்து போனா உடையும். அங்க இருந்து திரும்ப உள்பக்கம் கொஞ்சம், வெளிப்பக்கம் கொஞ்சம்னு ஆட்டி ஆட்டித்தான் கொண்டு வரணும்.

சூடு பண்ணா எதுக்கு விடுதுன்னா, அலுமினியம் இரும்ப விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். அதனால டார்ச்ச ஸ்டட் மேல காட்டாதீங்க, ஹெட்டுல அதச் சுத்தி இருக்கற அலுமினியத்து மேல காட்டுங்க. ஓட்டை பெருசாகி ஸ்டட்ட விடும். அலுமினியம் இரும்பு மாதிரி செவந்து எச்சரிக்காது, நேரா உருகி ஒழுகிரும், அதனால ஒரே இடத்துல தீய நிறுத்தவே கூடாது. சூடு இருக்கறப்பவே ஒரு மெழுகுவத்திய அந்த இடுக்குல தொட்டு வைங்க. மெழுகு உருகி, புரிய புடிச்சுக்கிட்டு உள்ள போயிரும். ஸ்ப்ரே ஆயில் போகாத இடத்துக்கெல்லாம் மெழுகு போகும். இத எனக்குச் சொல்லிக் குடுத்தது எந்த மேனுவலும் இல்ல. கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு லேத்து பட்டறையில காலேஜ் லீவுல வேலை கத்துக்கிட்டேன், அங்க இருந்த மேஸ்திரி அண்ணன் பம்பு செட்டுல காட்டினது. நான் மெழுகுவத்திய எடுத்ததும் பெரியவர் எந்திரிச்சு வந்துட்டாரு, ஏதோ பூஜை பண்ணப் போறான்னு நெனச்சிருப்பாரு. (சிரிப்பு)

பன்னெண்டுல பத்து விட்டுச்சு. மூணாவது சிலிண்டர்ல ஒன்னு, அஞ்சாவதுல ஒன்னு, ரெண்டு உடைஞ்சிருச்சு. அந்த ரெண்டு இடத்துலயும் முன்னாடி ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்ல செம்பு நட்டுக்குப் பதிலா சாதா இரும்பு நட்டு போட்டிருக்காங்க. இரும்பும் இரும்பும் அந்தச் சூட்டுல ஒட்டிக்கிட்டு ஒரே துண்டாயிருச்சு. நாலஞ்சு ரூபாய் மிச்சம் பண்ணி இன்னொருத்தன் சனிக்கிழமைய நாசம் பண்ணியிருக்காங்க.

நல்லவேளை, ரெண்டுலயும் ஒரு அஞ்சு மில்லிமீட்டர் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. அது மேல ஒரு நட்டு வச்சு உள்பக்கம் வெல்டு பண்ணிக் கழட்டலாம். அதுக்கு முன்னாடி எண்ணெய் துடைக்கணும்ல, பிரேக் கிளீனர அடிச்சு அதுமேலயே வெல்டு வைக்காதீங்க. சில பிரேக் கிளீனர்ல குளோரின் இருக்கும், வெல்டிங் தீயில அது பாஸ்ஜீனா மாறும். முதல் உலகப்போர்ல ஆளக் கொல்ல விட்ட வாயு அது. அசிட்டோன்ல துடைச்சு, நல்லாக் காயவிட்டு, துணியத் தூரமா வச்சுட்டு அப்புறம் வெல்டு வைங்க. மூணாவது சிலிண்டர்ல முதல் வெல்டுலயே வந்துருச்சு. அஞ்சாவதுல ரெண்டு தடவை நட்டு மட்டும் பிச்சுக்கிட்டு வந்துச்சு. மூணாவது தடவை வெல்டு வச்சு, செவப்பு மங்கற வரைக்கும் கைகட்டி நின்னு, மெழுகத் தொட்டு, மெதுவா... அந்த ஷாட் இருக்கு, பாருங்க. கிறீச்னு ஒரு சத்தம். பெரியவர் கைதட்டறது கேக்குதா? அப்ப மணி நாலு. எட்டு மணிக்குக் கடையச் சாத்துவாங்க.

மாட்டறது சுலபம். புது ஸ்டட், புது கேஸ்கட் ஆறு, செம்பு நட்டு பன்னெண்டு. எதையும் உடனே இறுக்கக் கூடாது. ரெண்டு பக்க ஹெடர், குறுக்குக் குழாய், டர்போ எல்லாத்தையும் கையால மாட்டி, தொளதொளன்னு உக்கார வச்சுட்டு, அப்புறம் நடுவுல இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். டார்க், அதாவது இறுக்கற அளவு, 20 நியூட்டன் மீட்டர் சுத்துவட்டாரம், அதுக்கு மேல வீரம் காட்ட வேண்டாம். அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 800 டிகிரி சூடேறினா ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். அது நீள இடம் வேணும். அதுக்குத்தான் இங்க ஒரு குழாய்க்குள்ள ஒரு குழாய் வழுக்கற மாதிரி ஜாயின்ட் குடுத்திருக்கான். அத ‘லீக் ஆகுமே’ன்னு வெல்டு வச்சு மூடினா, ஆறு மாசத்துல வேற இடத்துல விரிசல் விடும். அப்புறம் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹெடர் முழுக்க அசிட்டோன்ல துடைச்சிருங்க. இல்லன்னா உங்க கைரேகை அதுல வெந்து நிரந்தரமா நிக்கும்.

டர்போவுக்கு ஆயில் போற வாயில கொஞ்சம் ஆயில் ஊத்தி, இக்னிஷன கட் பண்ணிட்டு, ஆயில் பிரஷர் முள்ளு ஏறற வரைக்கும் வெறும் ஸ்டார்ட்டர மட்டும் சுத்த விட்டோம். காஞ்ச டர்போவ நேரா ஸ்டார்ட் பண்ணா பேரிங் போயிரும். அப்புறம் சாவிய பெரியவர் கையில குடுத்துட்டேன். முதல் ரெண்டு நிமிசம் ஒரே புகை, மெழுகு வாசனை, கோயில் மாதிரி இருந்துச்சு கடை.

இங்க ட்யூஃப்னு (TÜV) வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்கற ஒரு பரிசோதனை இருக்கு, ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை. இந்த வண்டிக்கு ‘ஹெச்’ நம்பர் பிளேட் வேற இருக்கு, முப்பது வருசம் தாண்டின பாரம்பரிய வண்டிங்கற அடையாளம். அத வச்சுக்கிட்டு இஷ்டத்துக்கு மாத்த முடியாது, அந்தக் காலத்துல இருந்த மாதிரி மாற்றம்தான் ஒத்துக்குவாங்க. ஆர்.சி. புக்ல யு.1னு ஒரு கட்டம் இருக்கு, வண்டி நின்ன இடத்துல எத்தன டெசிபல் சத்தம் போடலாம்னு. ஹெடர் மாட்டறதுக்கு முன்னாடியே ட்யூஃப் இன்ஜினியர்கிட்டப் போய்ப் பேப்பரக் காட்டிப் பேசிட்டு வந்தோம். பழைய சாமான் எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில போட்டு எழுதி வச்சாச்சு, தூக்கிப் போடாதீங்க.

ஓட்டிப் பாத்தோம். பூஸ்ட் மீட்டர் ஆர்.பி.எம் மீட்டருக்குள்ளயே இருக்கு, அதனால ரெண்டையும் ஒரே பார்வையில பாக்கலாம். நாலாவது கியர், இந்த வண்டிக்கு அதுதான் கடைசி கியர். முன்னாடி 3500 தாண்டித்தான் முள்ளு அசையும், அப்புறம் முதுகுல மாடு முட்டின மாதிரி ஒரே தள்ளு. இப்ப 3100லயே முள்ளு எந்திரிக்குது, தள்ளும் படிப்படியா வருது. இது எங்க ரெண்டு பேர் கண்ணுக்குத் தெரிஞ்ச கணக்கு, மெஷின் கணக்கு இல்ல. பெரியவருக்கு இதுல பாதி வருத்தம். அந்த மாடு முட்டறதுக்காகத்தான் நான் இத வாங்கினேன்னாரு!

அஞ்சாவது சிலிண்டர் பக்கம் குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப ‘டிக் டிக்’னு ஒரு சின்னச் சத்தம் இருக்கு, சூடானதும் அடங்கிருது. கேஸ்கட் இன்னும் படியல. ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு, எஞ்சின் ஆறினப்புறம் பன்னெண்டு நட்டையும் திரும்ப ஒரு தடவை இறுக்கணும். அதுக்கு ரேம்ப் புக் பண்ணியாச்சு, ஒரு மணி நேரம் போதும். ஹீட்டர் வேலை செய்யுது. இப்ப கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டுட்டு, ஹீட்டர முழுசாத் திறந்து வச்சு, வேர்க்க விறுவிறுக்க ஓட்டிக்கிட்டுப் போறாரு பாருங்க.