கொழுப்புக்காக ஒரு வாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் ஒருவரைத் திட்டவேண்டும் என்றால் 'உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி' என்போம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் மரியாதையாக. இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கும் கொழுப்புக்காக வாதாட வந்திருக்கிறேன்.

எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்ட்ரால் எல்லாம் உயிரியலில் ஒரே குடும்பம். லிப்பிடுகள் என்பார்கள். பார்த்தால் உறவு போலவே தெரியாது. ஆனால் தண்ணீரோடு சேரமாட்டேன் என்ற பிடிவாதம் எல்லாவற்றுக்கும் உண்டு. 'தாமரை இலைத் தண்ணீர்' என்கிறோமே, அந்த இலையின் நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் படிந்த மெழுகும்தான் நீரை உருட்டி விடுகின்றன.

இந்தப் பிடிவாதத்தால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். நடுவே வரப்பு கட்டத் தண்ணீரில் கரையாத பொருள்தானே வேண்டும்? பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்கு ஆகாது. அதனால் அவை இரண்டு வரிசையாக, வாலோடு வால் சேர்த்து நின்றுகொள்கின்றன. அதுதான் செல் சவ்வு. ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கலாம்.

இரண்டு வரிசை என்று எப்படித் தெரிந்தது? 1925-இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அது அடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கணக்கில் இரண்டு தப்பு இருந்தது. கொழுப்பு முழுவதும் வந்து சேரவில்லை, மேற்பரப்பையும் குறைத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு தப்பு இன்னொன்றைச் சரிக்கட்ட, விடை மட்டும் சரியாக வந்தது! பரீட்சைத்தாள் திருத்திய எனக்கு இது பழகிய காட்சிதான்.

சேமிப்பு வேலையும் உண்டு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. மாவுச்சத்தை உடம்பில் சேர்த்தால் தண்ணீரையும் கூடவே சுமக்கவேண்டும், கொழுப்புக்கு அந்தச் சுமை இல்லை. 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற பறவையின் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,500 கிலோமீட்டரை 11 நாளில் கடந்தது. வழியில் இரை இல்லை, இறக்கம் இல்லை. கிளம்பும்முன் உடம்பில் ஏற்றிய கொழுப்புதான் அதன் எரிபொருள்.

அப்புறம், நம் நுரையீரல். அதன் கோடிக்கணக்கான காற்றறைகளின் உட்புறம் எப்போதும் ஈரம். ஈரம் என்றாலே சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், நனைந்த பாலித்தீன் பை மாதிரி. ஒட்டாமல் தடுப்பது அந்த ஈரத்தின் மேல் பரவியிருக்கும் பாஸ்போலிப்பிடு படலம். கருவிலிருக்கும் குழந்தைக்கு அது போதிய அளவு ஊறுவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். முன்னதாகவே பிறந்துவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் போராட்டம்.

இந்தக் குறையைத்தான் 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர் கண்டு சொன்னார். ஆனால் கண்டுபிடித்ததும் மருந்து வந்துவிடவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரமே இருந்தான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று வழியில்லை. 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருளைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார்.

இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அந்த மருந்து சிறு குப்பியில் இருக்கிறது. பால்போல வெள்ளையாக, சில மில்லி. பெரும்பகுதி கொழுப்புதான்.

நன்றி, வணக்கம்.