கோள்களை வரைந்து பார்த்தவர்கள்

விழாத் தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கிடையே வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்து உதவிய வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, எனக்கு முன் இனிமையாகப் பேசி அமர்ந்த நூலகர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'சித்திரமும் கைப்பழக்கம்' என்பார்கள். வானவியலும் அப்படித்தான் வளர்ந்தது. ஐரோப்பிய மடங்கள், ஆக்ஸ்போர்டு, பாரசீகத்து மராகா என்று மூன்று இடங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

முதலில் மடங்கள். 1ஆம் நூற்றாண்டில் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி கோள்களின் போக்கை எழுதிவைத்தார். அவர் கணக்குப்படி, கோள்கள் உலவும் வானப் பட்டையான ராசி மண்டலத்தின் அகலம் 12 பாகை. நிலா அந்த அகலம் முழுக்க அலையும். வெள்ளி அதையும் 2 பாகை தாண்டும். சூரியன் நடுவிலேயே போகும். கேட்கும்போதே தலை சுற்றுகிறது, இல்லையா? 9ஆம் நூற்றாண்டுத் துறவிகள் இதைப் படமாகப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் வட்டங்கள். அப்புறம் கட்டம் கட்டி அதன்மேல் வளைகோடுகள். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் மடத்து ஏடு ஒன்றில் ஞாயிறு, திங்களோடு ஐந்து கோள்களும் அப்படி ஏறி இறங்குகின்றன. நீங்கள் கிராஃப் தாளில் போடும் கோட்டுக்கு, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மூதாதை அது!

அடுத்து வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. இங்கிலாந்தில் ஒரு கொல்லர் மகன். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். ஊர் மடத்துத் தலைவர் எடுத்து வளர்த்து ஆக்ஸ்போர்டில் படிக்கவைத்தார். கோள்களின் போக்கை வட்டத்தின்மேல் ஓடும் வட்டமாகக் காட்டிய பழங்கால வானியலாளர் தாலமியின் படத்தை எல்லோரும் தாளில் பார்த்தார்கள். கொல்லர் மகன் அதைச் சுழலும் தட்டுகளாக்கினார். 1326 வாக்கில் உருவான அந்தக் கருவிக்கு 'ஆல்பியன்' என்று பெயர். தட்டைத் திருப்பினால் கோள் நிற்கும் இடம் தெரியும். பிறகு செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதி ஆனார். உடம்பில் தொழுநோய்; ஆனாலும் வானத்தைக் காட்டும் பெரிய கடிகாரம் ஒன்றைத் தொடங்கினார். பார்க்க வந்த மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு வருத்தம்: கோயில் இடிந்து கிடக்கிறது, கடிகாரத்துக்கா செலவு? ரிச்சர்டு என்ன சொன்னாராம் தெரியுமா? கோயிலைக் கட்ட எனக்குப் பின் எத்தனையோ மடாதிபதிகள் வருவார்கள், ஆட்களும் கிடைப்பார்கள். இந்தக் கடிகாரத்தை முடிக்க வேறு ஆள் வரமாட்டார் என்றாராம். ஒரு மன்னரிடம்! கோடு போட்டுப் பழகிய கைக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். சித்திரமும் கைப்பழக்கம்.

மூன்றாவது மராகா. அங்கே வானியலாளர் நசீருத்தீன் துசி, ஒரு வட்டத்துக்குள் அதில் பாதி அளவு வட்டத்தை உருட்டி, அந்தச் சிறிய வட்டத்தின் விளிம்பில் உள்ள புள்ளியை நேர்கோட்டில் ஓடவைத்தார். அதை விரிக்க இன்று நேரம் போதாது.

நான் கேட்க வந்தது வேறு. நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பு எங்கே போனது? பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பீரியட்தான். அறிவியல் படத்தையும் பிள்ளைகள் நோட்ஸைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கிறார்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்றால், பழக நேரம் கொடுக்க வேண்டாமா? ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.