தேவாலயமா, காடா? மூன்றே எழுத்தில் மறைந்துபோன அயர்லாந்து

[திரையில்: சாலையோர ஊர்ப் பலகைகள்]

இந்த இரண்டு பலகைகளையும் பாருங்கள். ஒன்றில் கில்டேர், இன்னொன்றில் கில்மக்தாமஸ். இரண்டுமே அயர்லாந்து ஊர்கள், இரண்டுமே 'கில்' என்று தொடங்குகின்றன. ஒன்றில் இருப்பது தேவாலயம், மற்றதில் காடு. எது எது? வீடியோவை நிறுத்திவிட்டு யோசித்துப் பாருங்கள்.

முன்கதை சுருக்கமாக. 1824-இல் பிரிட்டிஷ் அரசு, நிலவரியைச் சீராக்க அயர்லாந்து முழுவதையும் அளக்கத் தொடங்கியது. 60,000-க்கும் மேற்பட்ட சிறு நிலப்பிரிவுகள். பெரும்பாலானவற்றுக்கு ஐரிஷ் மொழியில் பெயர் இருந்தது. வரைபடத்தில் ஏறியதோ ஆங்கில எழுத்துக்கூட்டல்.

சரி, 'கில்'லுக்கு வருவோம். ஐரிஷில் 'கில்' என்றாலே தேவாலயம்தான். காட்டுக்கு வேறு சொல் இருக்கிறது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'கொயில்' என்று வரும்! நம் காதுக்குக் கோயில் மாதிரியே இருக்கிறது, ஆனால் அது காடு; கோயில் என்னவோ 'கில்'தான். இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை, வெறும் தற்செயல். ஆனாலும் இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இரண்டையும் 'Kil' என்ற ஒரே மூன்றெழுத்தில் அடக்கிவிட்டார்கள். கில்டேர் என்றால் ஓக் மரத் தேவாலயம். புனித பிரிஜிட்டின் மடம் இருந்த ஊர் அது. கில்மக்தாமஸ் என்றால் குட்டித் தாமஸின் மகனுடைய காடு. யாரோ ஒரு குட்டித் தாமஸ், அவருக்கு ஒரு மகன், அந்த மகனுக்கு ஒரு காடு! ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. 'பாலி' என்று தொடங்கும் ஊர்களிலும் இதே குழப்பம்தான்: பாலிமீனாவில் அது ஊர், பாலிஷானனில் ஆற்றைக் கடக்கும் துறையின் முகப்பு.

அப்படியானால் பொருள் எப்படித் தப்பியது? ஜான் ஓடோனவன். கில்கென்னிப் பகுதி விவசாயி மகன், 1830-இல் இந்த நில அளவைத் துறையில் சேர்ந்தவர். பண்ணையார், பாதிரியார், பழைய குத்தகைப் பத்திரம் என்று யார் யார் ஊர்ப் பெயரை எப்படி எழுதினார்கள் என்பதை, அளவைப் பணியில் இருந்த படைவீரர்கள் 'பெயர்ப் புத்தகங்களில்' குறித்துவைத்திருந்தார்கள். ஓடோனவனுக்கு அது போதவில்லை. 1834 முதல் 1841 வரை ஊர் ஊராகப் போய், ஐரிஷ் பேசும் பெரியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வாயால் பெயரைச் சொல்லக் கேட்டார். கேட்ட ஐரிஷ் வடிவத்தையும் அதன் பொருளையும் அதே புத்தகங்களில் எழுதினார். அச்சான வரைபடத்தில் அந்த ஐரிஷ் வடிவங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு பேர் நாட்டை விட்டே போனார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி. ஓடோனவன் பத்து வருடம் தாமதித்திருந்தால் பல ஊர்களில் கேட்பதற்கே ஆள் இருந்திருக்காது.

இன்று இந்தப் பெயர்களெல்லாம் 2008-இல் தொடங்கிய 'லோகனிம்' (logainm.ie) இணையதளத்தில் இருக்கின்றன. இலவசம்தான். அங்கே போய் 'கில்மோர்' என்று தேடுங்கள். அந்தப் பெயரில் ஏகப்பட்ட ஊர்கள் வரும். சில பெரிய தேவாலயம், சில பெரிய காடு. ஒவ்வொன்றின் ஐரிஷ் வடிவத்தையும் பார்த்து, முதலில் கண்ணில் பட்ட காடு எந்த ஊர் என்று கமெண்டில் சொல்லுங்கள்.